கதவில் நின்றவள்

அடியே,

இன்று காலை ஒரு வேலையாக மலைக்குப் போனோம். காவலூரில் டீக்கு வண்டியை நிறுத்தியதும் ஓட்டுநர் அண்ணன் தன் டிபன் டப்பாவைத் திறந்தார். பூண்டுத் துவையல். வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் டீ டம்ளரோடு எழுந்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். நின்ற பிறகுதான் ஏன் நின்றேன் என்று யோசித்தேன்.

"இன்னாம்மா, துவையல் புடிக்கலியா?" என்றார் அவர்.

"புடிக்கும்ணா. நீங்க சாப்டுங்க."

பாவம், அவருக்கு என்ன தெரியும்? நம் வண்டிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பூண்டு வாடை அடித்தால் முதலில் காலை நகர்த்து, யோசனையெல்லாம் அப்புறம் என்று என் உடம்பைப் பழக்கிவிட்டுப் போனவள் நீ. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உடம்பு இன்னும் உன் பேச்சைத்தான் கேட்கிறது.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். நீ அமிர்திக்காரி, நான் திருப்பத்தூர். தடய அறிவியல் என்று சொன்னால் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. போலீசா என்றார்கள், இல்லை என்றோம். டாக்டரா என்றார்கள், அதுவும் இல்லை என்றோம். உன் அப்பா ஊரெல்லாம் போய், "எம்பொண்ணு பொணத்துக்குப் பக்கத்துல பொடி தூவுற வேலைக்குப் போவுது" என்று பெருமையாகச் சொல்லி, உனக்கு வந்த இரண்டு வரன்களை ஓட ஓட விரட்டினார். அந்தக் கதையை நீ எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை போலவே சிரிப்பாய்.

அவர் சொன்னதில் பெரிய தப்பும் இல்லை. எங்காவது கொலையோ சந்தேகச் சாவோ நடந்தால் போலீஸ் கூப்பிடும். நாம் வண்டியில் போய் ரேகை, ரத்தம், முடி, சாம்பல் என்று கிடைப்பதை எடுத்துக் கொடுப்போம். எல்லோரும் செத்தவரையே பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் நீ மட்டும் உயிரோடு நிற்கிறவர்களை ஒரு சுற்று பார்ப்பாய். ரேகை எடுக்கும் கறுப்புப் பொடி மூக்கில் ஏறினால் இரண்டு நாளைக்குச் சளி கறுப்பாக வரும். அதை நாங்கள் தொழிலின் பொட்டு மாதிரி காட்டிக்கொண்டு திரிந்தோம். நீ முகமூடி போடாமல் டப்பாவைத் தொட மாட்டாய். செத்தவரின் சட்டைப் பைக்குள் நேராகக் கை விட மாட்டாய். ஊசியோ பிளேடோ இருக்கும் என்று வெளியிலிருந்து தடவிப் பார்த்துவிட்டு, இடுக்கியால்தான் எடுப்பாய். சித்திரை வெயிலில்கூட இரண்டு கையுறை. உள்ளே கை வெந்து வெளுத்துப் போயிருக்கும். உன்னை நான் பயந்தாங்கொள்ளி என்றுதான் கூப்பிட்டேன்.

ஒருமுறை மலையில் பிடிபட்ட நாட்டுத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து ஒரு காவலர் நம் மேஜைமேல் வைத்தார். குழலின் வாய் என் வயிற்றுக்கு நேராக இருந்தது. நாங்கள் எல்லோரும் அதன் கட்டையைத் தடவி, வேலைப்பாட்டைப் பேசிக்கொண்டிருந்தோம். நீ முதலில் என்னை நாற்காலியோடு சேர்த்து ஓரமாக இழுத்தாய். அப்புறம்தான் கேட்டாய்: "மருந்து கெட்டிச்சிருக்குதா இன்னான்னு பாத்தீங்களாண்ணா?" அவர் பார்க்கவில்லை. குழலுக்குள் வெடிமருந்து கெட்டித்துத்தான் இருந்தது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை, என் பங்குத் தயிர்சாதத்தையும் நீயே சாப்பிட்டாய்.

எனக்கு மூக்குத்தான் பெருமை. உனக்குத் தெரியாததா? வாந்தி படிந்த துணி, வயிற்றிலிருந்து எடுத்து ஜாடியில் அடைத்தது, பாதி காலியான பாட்டில், எதுவானாலும் முதலில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது நம் ஆட்களிடம் பழைய வழக்கம். எந்தப் பாடத்திலும் இல்லை, ஆனால் எல்லோரும் செய்தோம். கருவியில் போட்டு முடிவு வர நாளாகும். ஒரு இழுப்பு இழுத்தால் நான் உடனே சொல்லிவிடுவேன், இது செடிக்கு அடிக்கிற மருந்து, இது மூட்டைப்பூச்சி மருந்து, இது சாராயத்தில் கலந்தது என்று. பின்னால் வரும் முடிவும் அதையே சொல்லும். பெரிய அதிகாரிகளே, "அந்த மூக்கைக் கூப்பிடுங்க" என்பார்கள். வெட்கப்படுவதுபோல் நடித்துக்கொண்டு ஓடுவேன். நீ தலையில் அடித்துக்கொள்வாய்.

"வெசம் இன்னான்னு கண்டுபுடிக்க நீயே ஏண்டி குடிக்கிற?"

"குடிக்கலடி. மோந்துதான் பாக்கறேன்."

"மூக்கால போறது வேற யாரு ஒடம்புக்காவது போவுதா?"

நான் சிரித்து மழுப்பிவிடுவேன். உனக்கு என்மேல் பொறாமை என்றுகூட ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன். இப்போது சொன்னால் என்ன, நீ வந்து அடிக்கவா போகிறாய்?

பிறகு அந்த ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாத மழை. காவலூருக்கும் அப்பால் ஒரு சிற்றூரில் ஒருவர் செத்துக் கிடக்கிறார், தலையில் ரத்தம், கொலை போலத் தெரிகிறது என்று தகவல். நாம் போய்ச் சேர்ந்தபோது ஊரே அந்த வீட்டு வாசலில் நின்றது. வீட்டை ஒட்டிச் சாமையும் புளியும் அடுக்கி வைக்கிற ஒரு சின்ன அறை. கல் சுவர், ஓட்டுக்கூரை, ஒரே கதவு, ஒரு முகம் நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல். மூட்டைகள் நனைந்துவிடக் கூடாதே என்று வீட்டுக்காரர் இரவு அங்கேயே படுத்திருக்கிறார். காலையில் எழுந்து வரவில்லை. அவருடைய தம்பி தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போய் அண்ணனை உலுக்கிப் பார்த்துவிட்டு வெளியே ஓடி வந்தவர், அப்போதிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் சாயங்காலம் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு புளியமரத்தைப் பற்றிச் சண்டை நடந்ததை ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கு அது போதுமாக இருந்தது. தடயம் கலையக்கூடாது என்று கதவை இழுத்துச் சாத்தி, ஆள் போட்டிருந்தார். அந்த விஷயத்தில் கெட்டிக்கார அதிகாரிதான். பலா மரத்தடியில் குந்தியிருந்த தம்பியைக் காட்டி நம்மிடம் சொன்னார்: "பாருங்கம்மா, அண்ணன் மொகத்தைப் பாத்ததுலேர்ந்து வாந்தி எடுத்துக்கினே இருக்கறான். எல்லாம் பயம். மத்தியானத்துக்குள்ள அவனே ஒத்துக்குவான்."

நீ தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஜன்னலிடம் போனேன். வழக்கம்போல மூக்கைக் கொடுத்தேன். பூண்டு.

"பூண்டு வாடை வருதுடி," என்றேன்.

"உள்ள அடுப்பு இருக்குதா?"

"இல்ல. இரு, இன்னொரு தடவ மோந்து பாத்துட்டு கரெக்டா சொல்றேன்."

கதவு திறப்பதற்குள்ளேயே விஷத்தின் பெயரைச் சொல்லி அந்த இன்ஸ்பெக்டரை அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. முகத்தை ஜன்னலுக்குள் விட்டு நெஞ்சு நிறைய இழுக்கப் போன நேரத்தில், நீ என் பின்னலைப் பிடித்து மாட்டை இழுப்பதுபோல் இழுத்தாய். சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். ஊர் சிரித்தது. எனக்குக் கோபத்தில் கண்ணீர் வந்தது. நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தம்பியிடம் போய் அவருக்கு எதிரே குந்தினாய்.

"தம்பி, உள்ள எவ்ளோ நேரம் இருந்தீங்க?"

"அண்ணனைப் பொரட்டிப் போட்டு எழுப்பிப் பாத்தேங்க... கொஞ்ச நேரம் இருந்திருப்பேன்."

"தல நோவுதா?"

"நெஞ்சு இறுக்குதுக்கா. மூச்சு வுட முடியல."

அப்புறம் செத்தவரின் மனைவியிடம் போனாய். அந்த அம்மாள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாய்: "அக்கா, மூட்டைக்குப் பூச்சி மாத்திரை எதுனா வெச்சீங்களா?"

"சந்தையில வாங்கியாந்து வெச்சாரும்மா. நெறைய வெச்சாரு. நேத்து ராவு கூரை வேற ஒழுவிச்சி."

நீ என்னைப் பார்த்தாய். எனக்கும் விளங்கிவிட்டது. தானியத்துக்கு வைக்கிற அந்த மாத்திரை ஈரம் பட்டால் விஷக்காற்றை விடும். அடைத்த அறையில் அது ஆளைக் கொல்லும். பூண்டு மாதிரி, அழுகிய மீன் மாதிரி வாடை வரும். சில சமயம் வாடையே வராது, காற்று மட்டும் இருக்கும். இதெல்லாம் உன்னைப்போலவே எனக்கும் மனப்பாடம். தெரிந்துகொண்டேதான் முகத்தை உள்ளே விட்டேன், இரண்டாவது தடவையும் விடப் போனேன். படித்தவள் செய்கிற முட்டாள்தனம் அது. படிக்காதவர் யாரும் செய்ய மாட்டார்.

நீ போய்க் கதவுக்கு முன்னால் நின்றாய். இரண்டு கையையும் விரித்து நிலையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்து, அந்தக் கதவே ஆபத்து என்று நினைவு வந்து பத்தடி முன்னால் தள்ளி வந்து நின்றாய். எல்லோரையும் காற்று வரும் பக்கம், பலா மரத்துக்குப் போகச் சொன்னாய். ஒருவரும் உள்ளே போகக் கூடாது, கீழேயிருந்து தீயணைப்பு வண்டி காற்று சிலிண்டரோடு வர வேண்டும் என்றாய். மலைப்பாதையில் மழையில் அது வந்து சேர மூன்று மணி நேரமாவது ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நம்ம கிட்டதான் மாஸ்க் கீதே," என்றேன் மெதுவாக.

"இது தூசிக்குடி. காத்துக்கு இல்ல."

அடுத்ததாக நீ செய்தது இன்ஸ்பெக்டரைப் பைத்தியமாக்கியது. தம்பியை நம் வண்டியில் ஏற்றி, இரண்டு காவலர்களைக் கூட அனுப்பி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னாய். "அவரு விஷக்காத்தை சுவாசிச்சிருக்கலாம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. மறக்காம சொல்லுங்க" என்று காவலரிடம் இரண்டு தடவை சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாய். சந்தேகக் குற்றவாளியைத் தடய வண்டியில் ஊர்வலம் அனுப்புகிறாள் என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"ரெண்டு லேடீஸ் பயந்துக்கினு நிக்கறதுக்காக நான் மூணு மணி நேரம் நிக்கணுமா?" என்றார் இன்ஸ்பெக்டர். "கைக்குட்டைய கட்டிக்கினு நானே போறேன், நவுருங்க."

"சார், நீங்க உள்ள வுழுந்தா உங்களைத் தூக்க ரெண்டு பேரு போவாங்க. அவங்களைத் தூக்க நாலு பேரு போவாங்க. நான் நவுர மாட்டேன்."

"இதுக்கெல்லாம் யாரு பொறுப்பு?"

"நான்தான் சார். எம்பேரைப் போட்டே எழுதிக்குங்க."

அவரைவிடக் கஷ்டம் அந்த மனைவிதான். "எங்க வூட்டுக்காரரு தனியா கெடக்குறாரும்மா, நான் போய் அவரு தலைமாட்டுல குந்திக்கறேன்" என்று உன் காலைப் பிடித்தார். நீ அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். "போவாதக்கா. அவரு எப்டி செத்தாருன்னு நான் கண்டுபுடிச்சு சொல்றேன். நீ உசுரோட இருந்து கேக்கணும்" என்றாய். அந்த மூன்று மணி நேரமும் மழையில் அந்த அம்மாளை ஒரு கையால் அணைத்துக்கொண்டே நின்றாய். உன் உதடு நடுங்கியது குளிரிலா பயத்திலா என்று பிறகு கேட்டேன். "ரெண்டும்தாண்டி. நான் சொன்னது தப்பா இருந்தா இன்னா பண்றதுன்னு பயந்துக்கினேதான் நின்னேன்" என்றாய். பயந்துகொண்டே நகராமல் நிற்கிறவளைத்தான் இத்தனை வருடம் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டிருக்கிறேன்.

தீயணைப்பு ஆட்கள் முதுகில் சிலிண்டரும் முகத்தில் மூடியுமாக உள்ளே போய்க் கதவையும் ஓடுகளையும் திறந்துவிட்டார்கள். அவரைத் தூக்கி வந்தார்கள். அறையில் காற்று தெளிந்து, அவர்கள் சரி என்று சொன்ன பிறகே நாம் போனோம். நனைந்த அடி மூட்டைகளுக்கு நடுவே மாத்திரை உதிர்ந்த சாம்பல் நிறப் பொடி, பிடி பிடியாக. தலைக் காயத்துக்கு நேராகத் திருகைக் கல்லின் விளிம்பில் ரத்தம். எழுந்து கதவுக்குப் போகப் பார்த்துத் தடுமாறி விழுந்திருக்கிறார். பின்னால் ஆய்வு முடிவும் அதையே சொன்னது. தம்பி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து பிழைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் மரத்தடியிலேயே உட்கார வைத்திருந்தால் அந்த வீட்டில் இரண்டாவது சாவும் விழுந்திருக்கும், அதுவும் கொலைகாரன் என்ற பெயரோடு, என்று டாக்டர் சொன்னாராம். எனக்கு இரண்டு நாள் தலைவலியோடு போயிற்று.

உனக்குப் பாராட்டு வரவில்லை, மெமோ வந்தது. காவல்துறைக்கு ஒத்துழைக்காமல் தாமதம் செய்தது, அரசு வாகனத்தை அனுமதியின்றி அனுப்பியது, இரண்டுக்கும் விளக்கம் தரவும் என்று. நீ எழுதிய விளக்கத்தை என்னிடம் படிக்கக் கொடுத்தாய். மழை, மாத்திரை, வாந்தி, காற்று எல்லாம் இருந்தது. என் மூக்கு மட்டும் இல்லை. பூண்டு வாடை "உணரப்பட்டது" என்று எழுதியிருந்தாய். யார் உணர்ந்தது, எப்படி உணர்ந்தது, ஒன்றும் இல்லை.

"என்னை ஏண்டி வுட்டுட்ட?"

"நான் எழுதினா அது உம்மேல புகார் ஆயிடும். நீயா எழுதினா எழுது."

இரண்டு நாள் தூக்கமில்லை. அந்த மூக்குதான் எனக்கு இருந்த ஒரே பெயர். அதைத் தப்பு என்று நானே எழுதிக் கொடுத்தால் நான் யார்? மூன்றாம் நாள் எழுதினேன். ஜன்னலுக்குள் முகத்தை விட்டதையும், மறுபடி விடப் போனதையும், நீ பின்னலைப் பிடித்து இழுத்ததையும், ஆண்டுக்கணக்காக நாம் எல்லோரும் ஜாடிகளை முகர்ந்து பார்ப்பதையும், அதை உடனே நிறுத்த வேண்டும் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு உன் விளக்கத்தோடு சேர்த்து அனுப்பினேன். நான் எழுதியதிலேயே உருப்படியான அறிக்கை அதுதான். உன் மெமோ "மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று திரும்பி வந்தது. நீ என் அறிக்கையைப் படித்துவிட்டு, "பின்னலைப் பத்தியெல்லாம் எழுதணுமாடி?" என்று மட்டும் கேட்டாய். அன்றிலிருந்து நம் பிரிவில் யாரும் எதையும் முகர்ந்து பார்த்ததில்லை. மூக்கைக் கூப்பிடுங்கள் என்று என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. அதில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது.

உனக்கு நோய் வந்தபோது ஆளாளுக்குக் கேட்டார்கள், இந்தப் பொடி, இந்த மருந்து நெடி, இதனால்தானே வந்தது என்று. எனக்கும் அப்படிச் சொல்லி யார்மேலாவது கோபப்பட ஆசைதான். ஆனால் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆதாரம் இல்லாத ஒன்றை உன் சாவைப் பற்றி நான் சொன்னால் நீயே எழுந்து வந்து அடித்துத் திருத்துவாய். அதனால் தெரியாது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். தெரியாது என்று சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டியிருக்கிறது!

கடைசி வாரம் ஒருநாள் மதியம் நான் உன் கட்டிலருகே இருந்தேன். மூன்று நாளாக நீ யாரிடமும் பேசவில்லை. நர்ஸ் வந்து உனக்கு ஊசி போட்டார். வயதில் சின்னவர், அவசரத்தில் இருந்தார். போட்டு முடித்த ஊசியில் மூடியைத் திரும்ப மாட்டப் போனார். நீ கண்ணைத் திறந்தாய்.

"மூடாதம்மா," என்றாய். குரல் காற்றாகத்தான் வந்தது. "கையில குத்திக்கும். அப்டியே டப்பால போட்டுட்டு போ."

அவர் மூடியைக் கீழே வைத்தார். பிறகு ஊசியை மூடாமல் டப்பாவில் போட்டார். நீ அதுவரை பார்த்திருந்துவிட்டுக் கண்ணை மூடினாய். அதற்கப்புறம் நீ என்னிடம்கூட எதுவும் பேசவில்லை. உன் கடைசிப் பேச்சு பெயர் தெரியாத ஒரு பெண்ணின் விரலுக்காகப் போயிற்று. அதில் எனக்கு முதலில் கொஞ்சம் பொறாமை, அப்புறம் நெஞ்சு கொள்ளாத பெருமை.

வெளியே வந்ததும் அந்த நர்ஸ் என்னிடம் கேட்டார்: "மேடம் இன்னா வேலை பாத்தாங்க?"

பதவியின் பெயரைச் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"கூட வேலை பாக்கறவங்களை ஒழுங்கா வூட்டுக்கு அனுப்பற வேலைம்மா," என்றேன்.

இப்போது அந்த வேலையை நான் பார்க்கிறேன்.